டூயல்சென்ஸும் நான்கு எமுலேட்டர்களும்: ஒரே மேப்பிங் எல்லாவற்றுக்கும் போதுமா?

மஞ்சள்திரை:

வணக்கம். விண்டோஸ் கணினியில் பழைய விளையாட்டு இயந்திரங்களைப் போல நடந்துகொள்ளும் நான்கு எமுலேட்டர்கள் இருக்கின்றன: டக்ஸ்டேஷன் (பிஎஸ்1), பிசிஎஸ்எக்ஸ்2 (பிஎஸ்2), டால்பின் (நைன்டெண்டோ கேம்க்யூப், வீ), ரெட்ரோஆர்க் (பல பழைய இயந்திரங்கள்). என்னிடம் உள்ள பழைய டிஸ்க்குகளை நானே நகலெடுத்து விளையாடுகிறேன். இதுவரை கீபோர்டுதான். இப்போது பிஎஸ்5-இன் டூயல்சென்ஸ் கண்ட்ரோலர் கைக்கு வந்திருக்கிறது. டிஎஸ்4விண்டோஸ் போட்டிருக்கிறேன், விளையாட்டுக் கடைச் செயலியான ஸ்டீமும் பின்னணியில் ஓடும்.

மூன்று சிக்கல்கள். சண்டை விளையாட்டுகளில் நான் அசைந்தால் இரண்டாவது ஆட்டக்காரரும் சேர்ந்து அசைகிறார், மெனுவில் ஒரு அழுத்தத்துக்கு இரண்டு வரி தாண்டுகிறது. கேபிளைச் செருகினால் ஸ்பீக்கரில் சத்தம் நின்றுவிடுகிறது. பிஎஸ்2 கார் பந்தயங்களில் ஆக்சிலரேட்டர் முழுசாகப் போகிறது, இல்லையென்றால் ஒன்றுமே இல்லை, நடுவில் எதுவும் கிடையாது.

எனக்கு வேண்டியது எளிமையானதுதான்: ஒரு முறை மேப்பிங் (எந்தப் பட்டனுக்கு எந்த வேலை என்ற பொருத்தம்) செய்தால் நான்கு எமுலேட்டரிலும் அதே வேலை செய்ய வேண்டும். முடியுமா?

நள்ளிரவுச்சுற்று:

முதல் சிக்கலுக்குக் காரணம் கண்ட்ரோலர் அல்ல. அதற்கும் எமுலேட்டருக்கும் நடுவில் இரண்டு மொழிபெயர்ப்பாளர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

டிஎஸ்4விண்டோஸ் செய்வது இதுதான்: உங்கள் டூயல்சென்ஸைப் படித்து, விஜெம்பஸ் என்ற டிரைவர் மூலம் போலியாக ஒரு எக்ஸ்பாக்ஸ் 360 கண்ட்ரோலரை உருவாக்குகிறது. ஆனால் உண்மையான டூயல்சென்ஸ் எங்கேயும் போய்விடவில்லை, அதுவும் அங்கேயே இருக்கிறது. எமுலேட்டருக்கு இரண்டு கண்ட்ரோலர் தெரிகிறது. ஒன்றை முதல் ஆளுக்கும் மற்றதை இரண்டாம் ஆளுக்கும் கொடுத்துவிடுகிறது. உண்மையானதை மறைக்க ஹிட்ஹைட் என்ற தனி டிரைவர் வேண்டும்.

இது போதாதென்று ஸ்டீம். அதன் டெஸ்க்டாப் அமைப்பு இயங்கினால் டி-பேடை (திசைப் பட்டன்களை) அழுத்தும்போது கீபோர்டின் அம்புக்குறியையும் சேர்த்து அனுப்பும். ரெட்ரோஆர்க் இயல்பாகவே அம்புக்குறிகளையும் கேட்கும். மெனு தாவுவது அங்கிருந்து வரலாம்.

நான் சொல்வது: டிஎஸ்4விண்டோஸை மூடுங்கள். ஸ்டீமிலிருந்து முழுவதுமாக வெளியேறுங்கள், அல்லது அதன் கண்ட்ரோலர் பகுதியில் பிளேஸ்டேஷன் ஆதரவை அணையுங்கள். பிறகு ஒவ்வொரு எமுலேட்டரையும் டூயல்சென்ஸோடு நேரடியாகப் பேச விடுங்கள். பிசிஎஸ்எக்ஸ்2, டக்ஸ்டேஷன் இரண்டும் எஸ்டிஎல் என்ற பொதுவான மென்பொருள் நூலகம் வழியாகக் கண்ட்ரோலரைப் படிக்கும். டூயல்சென்ஸை அதற்கு நன்றாகத் தெரியும். அந்த இரண்டிலும் தானியங்கி மேப்பிங் பட்டன் உண்டு, அதை அழுத்தினாலே முக்கால்வாசி வேலை முடிந்தது. டால்பினில் சாதனங்களின் பட்டியலில் எஸ்டிஎல் என்று தொடங்கும் பெயரைத் தேர்ந்தெடுங்கள்.

ஒரே மேப்பிங் பற்றி: முடியும், ஆனால் கூடாது என்பேன். விவரம் பிறகு எழுதுகிறேன்.

பிக்சல்வேட்டை:

இதில் எனக்கு உடன்பாடில்லை. கணினி விளையாட்டுகளில் பல எக்ஸ்இன்புட்டை மட்டும்தான் புரிந்துகொள்ளும். கண்ட்ரோலரைப் படிக்க 2005-இல் எக்ஸ்பாக்ஸ் 360-ஓடு வந்த முறை அது, இன்றும் விண்டோஸில் பொதுமொழி. போலி எக்ஸ்பாக்ஸ் கண்ட்ரோலர் ஒன்று இருந்தால் எமுலேட்டர், கணினி விளையாட்டு எல்லாவற்றுக்கும் ஒரே முகம். டெட்ஸோன் (ஸ்டிக் சற்று அசைந்தாலும் கண்டுகொள்ளாத நடுப்பகுதி), ட்ரிகர் (பின்பக்கம் விரலால் இழுக்கும் விசை) அளவு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சரிசெய்யலாம். ஹிட்ஹைட் போட்டால் இரட்டை உள்ளீடும் வராது. புதிதாக வருபவருக்கு நான்கு இடத்தில் நான்கு விதமாக அமைக்கச் சொல்வது சுமை இல்லையா?

நள்ளிரவுச்சுற்று:

கணினி விளையாட்டுகளுக்கு நீங்கள் சொல்வது சரி, அங்கே வைத்துக்கொள்ளலாம். எமுலேட்டருக்கு வரும்போது அந்தப் போலி முகம் சிலவற்றை விழுங்கிவிடுகிறது. எக்ஸ்இன்புட்டில் ஜைரோவுக்கு (கண்ட்ரோலரின் சாய்வை உணரும் கருவிக்கு) இடமே இல்லை, டச்பேடுக்கும் இல்லை. நான்கு கண்ட்ரோலருக்கு மேல் தெரியாது. வீ விளையாட்டுகளை டால்பினில் ஆட நினைக்கும்போது ஜைரோ இல்லாமல் நிற்பீர்கள்.

இன்னொன்று: விஜெம்பஸ் திட்டம் 2023-இல் முடித்துவைக்கப்பட்டது. இருக்கும் பதிப்பு வேலை செய்கிறது, ஆனால் புதிதாகத் தொடங்கும் ஒருவரை அதன்மேல் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.

எக்ஸ்பாக்ஸ் கண்ட்ரோலர் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. எமுலேட்டரில் டைரக்ட்இன்புட் என்ற வழியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அதில் இடது, வலது ட்ரிகர் இரண்டும் ஒரே அச்சில் சேர்ந்து வரும். இரண்டையும் சேர்த்து அழுத்தினால் ஒன்றை மற்றொன்று ரத்து செய்துவிடும். எக்ஸ்இன்புட் அல்லது எஸ்டிஎல் இருந்தால் இரண்டும் தனித்தனியாக வரும்.

மஞ்சள்திரை:

இரண்டையும் மூடிவிட்டு முயன்றேன். இரண்டாவது ஆள் அசைவது நின்றுவிட்டது, மெனுவும் சரி. மிக்க நன்றி. சத்தம் மட்டும் இன்னும் அப்படியே.

லினக்ஸ்குருவி:

சத்தத்துக்குக் காரணம் எளிது. டூயல்சென்ஸில் ஸ்பீக்கரும் ஹெட்போன் துளையும் இருக்கின்றன அல்லவா. கேபிளில் இணைத்தால் கணினிக்கு அது ஒரு ஒலிச் சாதனமாகவும் தெரியும், விண்டோஸ் சில நேரம் ஒலியை அங்கே திருப்பிவிடும். ஒலி அமைப்பில் உங்கள் ஸ்பீக்கரை மறுபடி தேர்ந்தெடுங்கள். திரும்பத் திரும்ப நடந்தால் அந்தக் கண்ட்ரோலரின் ஒலிச் சாதனத்தை மட்டும் முடக்கி வையுங்கள். எமுலேட்டரில் அதிர்வு வேறு வழியாகப் போவதால் அது கெடாது.

லினக்ஸில் இருப்பவர்களுக்கு: 2021-இல் வந்த 5.12 கெர்னல் முதல் டூயல்சென்ஸுக்கான டிரைவர் உள்ளேயே இருக்கிறது. ஸ்விட்ச் ப்ரோ கண்ட்ரோலருக்கு 5.16 முதல். தனியாக எதுவும் நிறுவ வேண்டாம்.

வலதுகட்டைவிரல்:

கார் பந்தயக் கேள்விக்கு நான் வருகிறேன், எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

பிஎஸ்2-இன் டூயல்ஷாக் 2-இல் பட்டன்கள் வெறும் பட்டன்கள் அல்ல. டி-பேடின் நான்கு திசை, நான்கு முகப் பட்டன், எல்1, எல்2, ஆர்1, ஆர்2 ஆகிய 12-ம் எவ்வளவு அழுத்தமாக அமுக்குகிறீர்கள் என்பதை உணரும். கிரான் டூரிஸ்மோ 4 போன்ற விளையாட்டில் எக்ஸ் குறியை மெல்லத் தொட்டால் கார் மெல்ல நகரும். இன்றைய கண்ட்ரோலர்களில் முகப் பட்டன்களுக்கு அந்த உணர்வு கிடையாது. டூயல்சென்ஸ் எக்ஸ் குறியை எப்படி அமுக்கினாலும் எமுலேட்டருக்குப் போவது முழு அழுத்தம்தான். நீங்கள் பார்த்தது அதைத்தான்.

இன்றைய கண்ட்ரோலரில் அளவோடு அழுத்தக்கூடியது எங்கே இருக்கிறது? ட்ரிகரில். அதனால் பிசிஎஸ்எக்ஸ்2-இல் எக்ஸ் குறிக்கான கட்டத்துக்குப் போய் ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு சொடுக்கி, ஆர்2 ட்ரிகரை அழுத்துங்கள். ஷிஃப்ட் இருந்தால் பழைய பிணைப்பு அழியாது, கூடுதலாகச் சேரும். மெனுவில் எக்ஸ் குறி வழக்கம்போல வேலை செய்யும், ஓட்டும்போது ஆர்2 பாதி அழுத்தினால் பாதி வேகம். பிரேக்குக்குச் சதுரத்தில் எல்2-வை அதேபோல் சேர்த்துவிடுங்கள். ஆர்2, எல்2-இன் சொந்தக் கட்டங்களிலிருந்து அந்த ட்ரிகர்களை எடுத்துவிடுவதை மறக்க வேண்டாம். இல்லையென்றால் வேகமெடுக்கும்போது அந்த விளையாட்டு ஆர்2-வுக்கு வைத்திருக்கும் வேலையும் சேர்ந்து நடக்கும். இதை ஒரு தனி உள்ளீட்டுச் சுயவிவரமாகச் சேமித்து, விளையாட்டின் பண்புகளில் அந்த விளையாட்டுக்கு மட்டும் பொருத்துங்கள்.

மெட்டல் கியர் சாலிட் 3 வேறு மாதிரி. அதில் சதுரத்தை அழுத்தினால் துப்பாக்கியை உயர்த்தும், சட்டென்று விட்டால் சுடும், மெல்ல விட்டால் சுடாமல் இறக்கும். சத்தமில்லாமல் கடந்துபோக வேண்டிய இடத்தில் இது இல்லாமல் முடியாது. அங்கே ட்ரிகர் கைக்கு வசதியாக இருக்காது, ஏனென்றால் விரல் வேறு வேலையில் இருக்கும். அதற்காகத்தான் பிசிஎஸ்எக்ஸ்2-இல் அழுத்தத்தைக் குறைக்கும் தனிப் பட்டன் ஒன்று இருக்கிறது. அதை ஏதாவது பயன்படாத பட்டனில் வையுங்கள். சதுரத்தைப் பிடித்தபடி அதையும் அழுத்தினால் சதுரத்தின் அழுத்தம் நீங்கள் வைத்த சதவீதத்துக்கு இறங்கும். பிறகு சதுரத்தை விடுங்கள், குண்டு வெளியே போகாது. சதவீதத்தை உங்கள் விருப்பம்போல் மாற்றிப் பாருங்கள்.

டூயல்சென்ஸின் ட்ரிகர் எதிர்ப்பை எமுலேட்டரில் தேடாதீர்கள். அந்தக் காலத்து விளையாட்டு அப்படி எதையும் கேட்டு அனுப்புவதில்லை.

மஞ்சள்திரை:

கார் மெல்ல நகர்கிறது! வளைவில் பாதி வேகம் கொடுத்துத் திரும்புவது இப்போதுதான் முடிகிறது. பட்டனுக்கே அழுத்தம் தெரியும் என்று எனக்குத் தெரியவே தெரியாது.

நள்ளிரவுச்சுற்று அண்ணா, ஒரே மேப்பிங் ஏன் கூடாது என்று சொல்வதாகச் சொன்னீர்கள்.

நள்ளிரவுச்சுற்று:

பாதி பதில் மேலேயே வந்துவிட்டது. பழைய விளையாட்டை உருவாக்கியவர்கள் ஒரு குறிப்பிட்ட கண்ட்ரோலரைக் கையில் வைத்துக்கொண்டுதான் உருவாக்கினார்கள். எந்த விரல் எங்கே ஓய்வெடுக்கும், எங்கிருந்து எங்கே தாவும் என்பதெல்லாம் விளையாட்டுக்குள்ளேயே இருக்கிறது. பட்டனின் பெயரை வைத்துப் பொருத்தினால் விளையாட்டு ஓடும். விரலின் அசைவை வைத்துப் பொருத்தினால்தான் அது ஆடச் சொன்னபடி ஆட முடியும். அதனால் ஒவ்வொரு பழைய இயந்திரத்துக்கும் ஒரு மேப்பிங், சில விளையாட்டுகளுக்குத் தனியாக ஒன்று.

சூப்பர் மாரியோ பிரதர்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1985-இல் வந்தபோது நைன்டெண்டோவின் என்இஎஸ் கண்ட்ரோலரில் பி இடப்பக்கம், ஏ வலப்பக்கம், இரண்டும் ஒரே கோட்டில். கட்டைவிரலின் நுனி பி-மேல் அழுந்தியிருக்கும், ஓடுவதற்கு. குதிக்க வேண்டும்போது விரலைத் தூக்காமல் அப்படியே வலப்பக்கம் உருட்டி, நடுப்பகுதியால் ஏ-வை அழுத்துவோம். ரெட்ரோஆர்க்கின் இயல்பான அமைப்பில் பி கீழே எக்ஸ் குறியிலும், ஏ வலப்பக்கம் வட்டத்திலும் வரும். அந்த இரண்டுக்கும் இடையே விரல் மேல்நோக்கி வளைய வேண்டியிருக்கிறது. பி-யைச் சதுரத்துக்கும் ஏ-வை எக்ஸ் குறிக்கும் மாற்றிப் பாருங்கள். விரல் தானாகவே சரிந்து விழும். விரைவு மெனுவில் கண்ட்ரோல்ஸ் பகுதிக்குப் போய் மாற்றி, மறுமேப்பிங் கோப்பாக அந்த கோருக்கு (ரெட்ரோஆர்க்குக்குள் ஒரு பழைய இயந்திரத்துக்கான எமுலேட்டருக்கு) மட்டும் சேமிக்கலாம், ஒரே ஒரு விளையாட்டுக்கும் சேமிக்கலாம்.

எட்டுபிட்:

சதுரம்-எக்ஸ் குறி அமைப்புக்கு என் முழு ஆதரவு. சண்டை விளையாட்டுக்காரர்களுக்கு ஒன்று சேர்க்கிறேன். ஆறு பட்டன் கொண்ட ஆர்கேட் விளையாட்டுகளில் மேல் வரிசை மூன்றும் குத்து, கீழ் வரிசை மூன்றும் உதை. சதுரம், முக்கோணம், ஆர்1 ஆகியவற்றைக் குத்துக்கும், எக்ஸ் குறி, வட்டம், ஆர்2 ஆகியவற்றை உதைக்கும் வையுங்கள். வரிசை மனத்தில் அப்படியே நிற்கும்.

டி-பேட் பற்றியும் கேளுங்கள். எக்ஸ்பாக்ஸ் 360 கண்ட்ரோலரின் டி-பேடில் குறுக்குத் திசை தானாக விழுந்துவிடும், கால்வட்டம் சுற்றி அடிக்கும் வித்தை வராது. 2020-இல் வந்த எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் கண்ட்ரோலர் எவ்வளவோ தேவலை, சத்தம் மட்டும் சற்று அதிகம். டூயல்சென்ஸில் நான்கு திசையும் தனித்தனியாகத் தெரியும், துல்லியம் நன்றாக இருக்கும், நீண்ட நேரம் ஆடினால் கட்டைவிரல் நோகும். பழைய 2டி விளையாட்டுகளை ஸ்டிக்கில் ஆட நினைப்பவர்கள் ரெட்ரோஆர்க்கில் அனலாக்கை டிஜிட்டலாக மாற்றும் அமைப்பைப் போட்டுக்கொள்ளலாம். எனக்கு அது ஒப்பவில்லை. சரியாகக் கீழே அழுத்தினேனா, கீழ்-வலமாகப் போனதா என்று ஸ்டிக்கில் விரலுக்கே தெரியாது.

பிக்சல்வேட்டை:

ஸ்விட்ச் ப்ரோ கண்ட்ரோலர் வைத்திருக்கிறேன். டி-பேடுக்காகவே எடுத்தது. ஆனால் டால்பினில் சூப்பர் மாரியோ சன்ஷைன் ஆடும்போது தண்ணீர் பீய்ச்சினால் மாரியோ நின்றுவிடுகிறார், ஓடிக்கொண்டே பீய்ச்ச முடியவில்லை. எதைத் தொட வேண்டும்?

வலதுகட்டைவிரல்:

ஸ்விட்ச் ப்ரோவின் இசட்ஆர் வெறும் டிஜிட்டல் பட்டன். கேம்க்யூபின் ட்ரிகரோ இரண்டு வேலை செய்யும்: பாதிவரை போகும்போது அளவு சொல்லும், அடியில் போய் முட்டும்போது தனியாக ஒரு சொடுக்கு. சன்ஷைனில் பாதி அழுத்தினால் ஓடிக்கொண்டே பீய்ச்சலாம், அடிவரை அழுத்தினால் நின்று குறிபார்க்கும். உங்கள் கண்ட்ரோலர் எப்போதும் அடிவரை போய்விடுகிறது.

டால்பினில் ஆர் என்றும் ஆர்-அனலாக் என்றும் இரண்டு தனி கட்டங்கள் இருக்கும். ஆர்-ஐ இசட்ஆரிலும், ஆர்-அனலாக்கை அதற்கு மேலிருக்கும் தோள்பட்டனிலும் வையுங்கள். அந்தப் பட்டன் ஏற்கனவே வேறு கட்டத்தில் இருந்தால் அதை இடம் மாற்றுங்கள். ஓடும்போது மேல் பட்டன், நிற்கும்போது கீழ்ப் பட்டன். டூயல்சென்ஸ், எக்ஸ்பாக்ஸ் வைத்திருப்பவர்கள் இரண்டையும் ஒரே ட்ரிகரில் வைத்தால் போதும், கிட்டத்தட்ட முழுவதும் அழுத்தும்போது சொடுக்கு தானாக விழும்.

கூடவே ஸ்டிக்கையும் அளவீடு செய்துவிடுங்கள். கேம்க்யூப், நைன்டெண்டோ 64 இரண்டின் ஸ்டிக்கும் எட்டுப் பக்க வளையத்துக்குள் சுழலும், இன்றையவை வட்டத்துக்குள். டால்பினின் ஸ்டிக் பகுதியில் அளவீட்டைத் தொடங்கி, விளிம்பைத் தொட்டபடி மெதுவாகச் சுற்றினால் உங்கள் ஸ்டிக்கின் உண்மையான எல்லை பதிவாகும். மூலைத் திசைகள் அப்போதுதான் முழு வேகம் தரும். நைன்டெண்டோ 64-க்கு ரெட்ரோஆர்க்கின் மூபன் கோரில் அனலாக் உணர்திறன், டெட்ஸோன் இரண்டும் உண்டு. நடக்க வேண்டிய இடத்தில் ஓடினால் உணர்திறனைக் குறையுங்கள்.

எட்டுபிட்:

கேபிளா ப்ளூடூத்தா என்று யாரும் பேசவில்லையே. பழைய தாவல் விளையாட்டுகளில் தாமதம்தான் எல்லாம். கேபிள்தான் என் பதில்.

லினக்ஸ்குருவி:

கேபிள் நல்லதுதான், ஆனால் பழி முழுவதையும் ப்ளூடூத்மேல் போட முடியாது. நொடிக்கு 60 ஃப்ரேம் என்றால் ஒரு ஃப்ரேம் 16.7 மில்லிநொடி. டிவியில் கேம் மோடு போடாமல் இருந்தாலோ, விசிங்க் (திரையின் புதுப்பிப்போடு படத்தை ஒத்திசைக்கும் அமைப்பு) சேர்ந்தாலோ பல ஃப்ரேம்கள் அங்கேயே போய்விடும். முதலில் அதைப் பாருங்கள்.

ப்ளூடூத் திக்கினால் டாங்கிளின் (யூஎஸ்பியில் செருகும் ப்ளூடூத் கருவியின்) இடத்தையும் பாருங்கள். யூஎஸ்பி 3 துளைகளும் கேபிள்களும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் கிளப்பும். ப்ளூடூத்தும் அங்கேதான் இயங்குகிறது. ஒரு நீட்டிப்பு கேபிளில் டாங்கிளைக் கொஞ்சம் தள்ளி வைத்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

விளையாட்டுக்குள்ளேயே இருக்கும் தாமதத்தையும் அளக்கலாம். ரெட்ரோஆர்க்கில் கீபோர்டின் P விசையால் நிறுத்தி, குதிக்கும் பட்டனைப் பிடித்தபடி, ஒரு ஃப்ரேம் மட்டும் நகர்த்தும் K விசையை ஒவ்வொரு தடவையாக அழுத்துங்கள். எத்தனையாவது அழுத்தத்தில் பாத்திரம் அசைகிறதோ, அதைவிட ஒன்று குறைவாக ரன்-அஹெட்டை வையுங்கள். அந்த ஃப்ரேம்களை முன்கூட்டியே கணக்கிட்டுத் தாமதத்தை மறைக்கும் வசதி இது, 2018-இல் சேர்ந்தது. அளவுக்கு மேல் வைத்தால் அசைவில் ஃப்ரேம்கள் காணாமல் போகும், அப்போது ஒன்று குறையுங்கள். இதைச் சரியாக வைத்த பிறகு எனக்குக் கேபிளின் அவசியமே தெரியவில்லை.

எட்டுபிட்:

ரன்-அஹெட் சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பிஎஸ்2, கேம்க்யூபுக்கு அது கிடையாது. அங்கே நான் கேபிளை விடுவதாக இல்லை.

நீலவிசை:

இந்த இழையில் ஒரு வேண்டுகோள். எனக்கு வலது மணிக்கட்டில் நிரந்தர வலி உண்டு. பட்டனைத் தொடர்ந்து அமுக்கிப் பிடிப்பதும், வேகமாகத் தட்டுவதும் முடியாது. மேப்பிங் பேசும்போது இதையும் யாராவது சொன்னால் என்னைப் போன்றவர்களுக்கு உதவும்.

வலதுகட்டைவிரல்:

தாராளமாக. ரெட்ரோஆர்க்கில் டர்போ உண்டு, பட்டனைப் பிடித்தால் அதுவே தட்டிக்கொண்டிருக்கும். பிசிஎஸ்எக்ஸ்2-இல் மேக்ரோ பகுதியில் பல பட்டன்களை ஒரே பட்டனில் சேர்க்கலாம். வலது கையின் வேலையை இடது தோள்பட்டன்களுக்கு நகர்த்துவதும் மேப்பிங்தான், அதில் எந்தக் குறையும் இல்லை. 2018-இல் வந்த எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கண்ட்ரோலரில் 3.5 மிமீ துளைகள் வழியாகத் தனித்தனி சுவிட்சுகளைச் செருகி மேசையில், மடியில், காலடியில் எங்கு வேண்டுமானாலும் வைக்கலாம். எமுலேட்டருக்கு அது சாதாரண எக்ஸ்பாக்ஸ் கண்ட்ரோலராகவே தெரியும். பிஎஸ்5-க்காக 2023-இல் வந்த ஆக்சஸ் கண்ட்ரோலரும் அந்த வகை. எந்த விளையாட்டு என்று சொல்லுங்கள், அமைப்பைச் சேர்ந்து யோசிப்போம்.

நீலவிசை:

நன்றி. டக்ஸ்டேஷனில் ஏப் எஸ்கேப். வலது ஸ்டிக்கைச் சுழற்றாமல் அதில் எதுவும் நடக்காது.

நள்ளிரவுச்சுற்று:

ஆம், அனலாக் கண்ட்ரோலர் இல்லாமல் ஆடவே முடியாத முதல் பிஎஸ்1 விளையாட்டு அது, 1999. முதலில் டக்ஸ்டேஷனில் கண்ட்ரோலர் வகை அனலாக் என்று இருக்கிறதா பாருங்கள். பிறகு இடது, வலது ஸ்டிக்குகளை இடம் மாற்றிப் பிணையுங்கள். குரங்கைப் பிடிக்க வலையை வீசுவது உங்கள் இடது கட்டைவிரலுக்கு வரும், நடப்பது மட்டும் வலதுக்குப் போகும். நடக்க ஸ்டிக்கை மெல்லச் சாய்த்துப் பிடித்தால் போதும், சுழற்ற வேண்டாம். அதுவும் வலித்தால் ஸ்டிக்கின் உணர்திறனைக் கூட்டுங்கள், கொஞ்சம் சாய்த்தாலே முழு ஓட்டம் கிடைக்கும்.

மஞ்சள்திரை:

கடைசியாக ஒன்று. டால்பினில் இரண்டு டூயல்சென்ஸ் இணைத்தால் சில நாள் நான் முதல் ஆள், சில நாள் இரண்டாம் ஆள். எதையும் மாற்றவில்லை.

நள்ளிரவுச்சுற்று:

ஒரே பெயருள்ள இரண்டு சாதனங்களை டால்பின் 0, 1 என்று எண்ணிட்டு வைக்கும். எண் இணைந்த வரிசையைப் பொறுத்தது. ஒவ்வொரு முறையும் உங்களுடையதை முதலில் இயக்கி, அது இணைந்த பிறகு மற்றதை இயக்குங்கள். நடுவில் ஒன்று துண்டித்துக்கொண்டால் அமைப்புச் சாளரத்தில் சாதனப் பட்டியலைப் புதுப்பித்து எண்ணைச் சரிபாருங்கள். இரண்டு ஆளுக்கும் தனித்தனிச் சுயவிவரம் சேமித்து வைத்தால் மாறிப்போன நாளில் அவற்றை இடம் மாற்றி ஏற்றினால் போதும், மறுபடி மேப்பிங் செய்ய வேண்டியதில்லை.